மூத்தவன் ஏன் தலை நிமிர்வதில்லை?

உளவியல் ஆலோசனை: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

அறுபது வயதைக் கடந்தவன் நான். தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் என் தகப்பனார் காலத்திலிருந்தே மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்துவருகிறோம். மிளகு, சீரகம், மல்லி, வத்தல் என்று எங்கள் மண்டியில் இறங்கி ஏறாத சரக்கு இல்லை. கல்லூரியில் நான் படித்தது வரலாறு. கடைப் பொறுப்பில் பெரும்பகுதியை மூத்த மகன் ஏற்றுக்கொண்ட பிறகு, விட்டுப்போன அந்தப் படிப்பை மறுபடி எடுத்துவைத்துக்கொண்டு, பகல் பொழுதில் பழைய நூல்களை வாசித்துவருகிறேன். இந்தக் கடிதத்தை எழுதவைத்ததும் அப்படி வாசித்த ஒன்றுதான் என்பதால், என் வீட்டுக் கதையோடு இன்னொரு வீட்டுக் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூத்த தாரத்தில் எனக்கு இரண்டு மகன்கள். மூத்தவனுக்குப் பதினாறு வயதானபோது அவர்களுடைய தாய் நோயில் இறந்தாள். அவன் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடைக்கு வந்துவிட்டான். சில ஆண்டுகள் கழித்து, உறவினர்களின் வற்புறுத்தலால் நான் மறுமணம் செய்துகொண்டேன். இளைய தாரத்தில் ஒரே மகன், இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கிறான். இரண்டாமவன் சென்னையில் வேலை பார்க்கிறான். சின்னவன் பிறந்தபோது ஜாதகம் கணித்த ஜோசியர், எனக்குப் பிறகு இந்தத் தொழில் ஒருமுறை நொடிக்கும் என்றும், இந்தப் பிள்ளைதான் அதைத் தூக்கி நிறுத்துவான் என்றும் சொன்னார். என் மனைவியைத் தவிர வேறு எவரிடமும் இதை நான் சொன்னதில்லை.

இனி அந்த இன்னொரு வீடு. கி.பி. 449-ஆம் ஆண்டு, கிழக்கு ரோமானியப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ், குதிரையேறித் திரிந்த நாடோடி மக்களான ஹூணர்களின் அரசன் அட்டிலாவிடம் மாக்சிமினஸ் என்பவரின் தலைமையில் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். உடன்சென்ற பிரிஸ்கஸ் என்ற அறிஞர், டான்யூப் ஆற்றுக்கு அப்பால் தாம் கண்டதையெல்லாம் கிரேக்க மொழியில் எழுதிவைத்தார். அதில் சில பகுதிகளே இன்று கிடைக்கின்றன. அவற்றில் அரசன் கொடுத்த ஒரு விருந்து வருகிறது. வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளித் தட்டில் விதவிதமான உணவு, அரசனுக்கு மரத்தட்டில் வெறும் இறைச்சி. மண்டபத்தின் நடுவே மஞ்சத்தில் அவன் அமர்ந்திருக்கிறான். அதே மஞ்சத்தின் ஓரத்தில், அவனை ஒட்டாமல், மூத்த மகன் தகப்பன் மீதுள்ள மரியாதையால் தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறான். கோமாளியைக் கண்டு கூட்டமே சிரிக்கும்போதும் அரசனின் முகம் அசையவில்லை. கடைசி மகன் எர்னாக் உள்ளே வந்து பக்கத்தில் நின்றபோது மட்டும், அவன் கன்னத்தைப் பற்றி அருகே இழுத்துக் கனிவோடு பார்க்கிறான். பிரிஸ்கஸ் வியந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவரைக் கேட்க, அட்டிலாவின் குலம் வீழும், இந்தச் சிறுவனால் மீண்டும் எழும் என்று குறி சொல்பவர்கள் சொல்லியிருப்பதாக அவர் லத்தீனில் சொன்னாராம். வெளியே சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாராம்.

என் மூத்தவனும் என் எதிரில் அப்படித்தான் உட்காருவான். கணக்குச் சொல்லும்போதுகூட அவன் பார்வை பேரேட்டில் இருக்குமே தவிர என் முகத்தில் இருக்காது. இதுநாள்வரை அதை மரியாதை என்றே எண்ணிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பகுதியை வாசித்ததிலிருந்து மனம் ஒருநிலையில் இல்லை.

இன்னொரு பக்கம், அந்த அரசனின் குடும்ப ஒழுங்கைப் பார்த்து எனக்கு வியப்பாகவும் இருக்கிறது. அவனுக்கு மனைவியர் பலர். தலைமை மனைவி கிரேகாவுக்கு அரண்மனை வளாகத்துக்குள்ளேயே தனி மாளிகை. அவனுடைய உடன்பிறந்தான் பிளேடாவின் விதவைக்கோ ஒரு கிராமமே சொந்தம். புயலில் சிக்கிய ரோமானியத் தூதர்களுக்கு அவள்தான் இடமும் உணவும் கொடுத்தாள். அவர்கள் நன்றியாகக் கொடுத்த பொருள்களில் வெள்ளிக் கிண்ணங்கள், சிவப்புத் தோல்கள், பேரீச்சம்பழம் இவற்றோடு இந்திய மிளகும் இருந்தது. மண்டிக்காரன் என்பதால் அது என் கண்ணில் பட்டது. நம் மேற்குக் கடற்கரையில் கப்பல் ஏறிய சரக்கு எத்தனை கை மாறி அந்தப் புல்வெளிக்குப் போயிருக்கும் என்று நெடுநேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அது கிடக்கட்டும். இத்தனை பெண்கள், இத்தனை பிள்ளைகள் இருந்தும் அந்த வீட்டில் ஒரு சத்தம் எழுந்ததாகப் பிரிஸ்கஸ் எழுதவில்லை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் படும் பாட்டை நினைத்தால், அவனிடம் கற்க ஏதோ இருக்கிறது என்றே தோன்றுகிறது.

நான் யாருக்கும் குறை வைத்ததில்லை. மண்டியைச் சின்னவன் பெயருக்கும், வீட்டையும் நிலத்தையும் மூத்தவர்கள் இருவர் பெயருக்கும் எழுதுவதாக முடிவுசெய்து, வழக்கறிஞரிடம் உயிலுக்கான குறிப்பைக் கொடுத்திருக்கிறேன். சின்னவனுக்கு ஒரு வழி செய்யுங்கள் என்று என் மனைவியும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதில் எனக்குச் சலிப்பு உண்டு என்றாலும், ஜாதகமும் அதையே சொல்வதால் மறுக்கவில்லை.

மூத்தவனின் மௌனம் மரியாதையா, வேறு ஏதாவதா? உயில் விஷயத்தில் நான் செய்வது சரிதானா? கடைசியாக ஒன்று, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அட்டிலா 453-இல் இல்டிகோ என்ற இளம்பெண்ணை மணந்து அன்றிரவே இறந்துபோனான். "இளையாள் வந்த நாளிலிருந்துதான் உன் குடும்பம் சிதைந்தது" என்று என் தமக்கை சொல்லும்போதெல்லாம், அறிவு மறுத்தாலும் இந்தக் கதை நினைவுக்கு வந்து தொலைக்கிறது. இதிலிருந்து எப்படி மீள்வது?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

ஆலோசகரின் பதில்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

பிறர் வீட்டுக் கதையில் தம் வீட்டைக் காண்பவர்கள் பெரும்பாலும் தமக்குச் சாதகமான பக்கத்தைத்தான் காண்பார்கள். நீங்கள் மஞ்சத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவனைக் கவனித்திருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குவோம்.

அவன் மரியாதையால்தான் தரையைப் பார்த்தான் என்று பிரிஸ்கஸ் சொல்வதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மகனைப் பற்றி நீங்கள் வாசித்த பகுதியில் இல்லாத செய்திகளும் இருக்கின்றன. கிரேகாவுக்குப் பிறந்த மூன்று மகன்களில் மூத்தவன் அவன். கருங்கடலை ஒட்டி வாழ்ந்த அகாட்சிரி மக்களை ஆள அவனை அட்டிலா அப்போதுதான் அனுப்பிவைத்திருந்தான். துணைக்குப் போனவன் அரசவையில் முதல்நிலையில் இருந்த ஒனெகேசியஸ். அந்தப் பயணத்தில் இளவரசன் விழுந்து வலக்கையை முறித்துக்கொண்டான் என்றும் பிரிஸ்கஸே எழுதுகிறார். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அன்றைய விருந்தில் தலைகுனிந்திருந்தவன் ஒரு நாட்டுப் பொறுப்பைப் புதிதாகத் தோளில் ஏற்றுக்கொண்டு, காயம் ஆறாத கையோடு வந்திருந்தவனாக இருக்க வேண்டும். அவனுக்கு ஒரு நாடு கிடைத்தது. கன்னத்தில் கை பட்டதோ தம்பிக்கு.

இதைவிட முக்கியமான செய்தி வேறொருவரிடம் இருக்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்து, பிரிஸ்கஸின் நூலையும் பயன்படுத்திக் கோத்து என்ற ஜெர்மானிய இனத்தவரின் வரலாற்றை எழுதிய ஜோர்டனெஸ், மூத்த மகனின் பெயர் எல்லாக் என்று குறிப்பிட்டு, மற்ற எல்லாப் பிள்ளைகளையும்விட அவனைத்தான் தந்தை மிகுதியாக நேசித்தான் என்று சொல்லப்படுவதாக எழுதுகிறார். ஐயா, இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகப்பனின் பேரன்புக்கு உரியவன் என்று பின்னால் பேசப்பட்ட மகன், அதே தகப்பனின் மண்டபத்தில் ஒரு முழு மாலைப் பொழுது தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரில் இருந்த கூர்மையான ஒரு விருந்தினர், இந்த அரசனுக்குக் கடைசிப் பிள்ளைதான் உயிர் என்ற முடிவோடு ஊர் திரும்புகிறார். இரண்டும் உண்மையாக இருக்கத் தடையில்லை. பொறுப்பைக் கொடுப்பதே அன்பு என்று நினைக்கும் தகப்பன்மார் எல்லாக் காலத்திலும் உண்டு. வாங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு அது அன்பாகத் தெரிய வேண்டுமானால், ஒருமுறையாவது வாயால் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் மூத்தவனின் தாய் இறந்ததும், அவன் படிப்பை நிறுத்தியதும், கடைக்கு வந்ததும் இரண்டு சிறு வாக்கியங்களில் முடிந்துவிட்டன. மிளகு டான்யூப் கரைக்குப் போன வழிக்கு அதைவிட நீண்ட வாக்கியம் கொடுத்திருக்கிறீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. துக்கத்தை வேலையால் மூடிக்கொண்ட வீடுகளில் பேச்சு இப்படித்தான் சுருங்கிப்போகும். பதினாறு வயதில் தாயை இழந்தவன் அழுவதற்குள் கல்லாவில் உட்கார்ந்துவிட்டான்; உங்களுக்கும் அது அன்று பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். அன்றிலிருந்து நீங்கள் இருவரும் பேரேட்டின் வழியாக மட்டுமே பேசிவருகிறீர்கள் என்பது என் ஊகம். அவன் மௌனத்தில் மரியாதையும் இருக்கலாம், கோபமும் இருக்கலாம், களைப்பும் இருக்கலாம். கடிதத்தை வைத்து நான் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. அறிய ஒரு வழி உண்டு: கடைசியாக அவன் உங்களிடம் எந்த விஷயத்தில் மறுத்துப் பேசினான் என்று நினைத்துப் பாருங்கள். சரக்கு வாங்குவதிலாவது, ஆள் வைப்பதிலாவது, "வேண்டாம்ப்பா" என்று அவன் சொன்ன ஒரு சந்தர்ப்பம் நினைவுக்கு வருமானால் அங்கே மரியாதை இருக்கிறது என்று நம்பலாம். எதுவுமே நினைவுக்கு வராவிட்டால், அவன் உங்களிடம் பேசுவதையே விட்டுவிட்டான் என்றுதான் கொள்ள வேண்டும்.

ஜாதகத்தைப் பற்றி மனைவியைத் தவிர எவருக்கும் தெரியாது என்கிறீர்கள். அட்டிலாவின் வீட்டுக் குறியும் இரகசியம்தான். ஆனால் அயல்நாட்டிலிருந்து வந்து முதன்முறையாக அந்த மண்டபத்தில் உட்கார்ந்த ஒருவருக்கு, அந்த இரவே, பக்கத்து இருக்கையில் இருந்தவர் அதைச் சொல்லிவிட்டார். அப்படியானால் அதே மஞ்சத்தில் இருந்த எல்லாக்குக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? உங்கள் வீட்டிலும் மூத்தவர்கள் இருவருக்கும் அது எப்போதோ தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே நீங்கள் இனி நடக்க வேண்டும். அவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்றும் யோசியுங்கள். சின்னவன் தூக்கி நிறுத்துவான் என்பது உங்களுக்குக் கேட்ட பாதி. அதற்கு முன்னால் தொழில் நொடிக்கும் என்று ஒரு பாதி இருக்கிறதே, நொடிப்பது யார் கையில்? இன்று கடையை நடத்துகிறவன் கையில்தானே? இருபத்து நான்கு மணி நேரமும் கடையைச் சுமப்பவனிடம், இதை நீ கெடுப்பாய், உன் தம்பி சரிசெய்வான் என்று சொன்னதற்கு அது சமம். சின்னவனுக்கும் அது வரமல்ல; ஏழாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாத மூட்டை அது.

அட்டிலாவின் வீட்டில் அந்தக் குறி என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 453-இல் அவன் இறந்தபோது அடுத்து யார், யாருக்கு எது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு எதுவும் இல்லை. மகன்களோ, கிட்டத்தட்ட ஒரு தனி இனம் என்று சொல்லும் அளவுக்குப் பலர் என்கிறார் ஜோர்டனெஸ். அவர்கள் தந்தைக்கு அடங்கியிருந்த மக்களைச் சம பங்காகச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ள முற்பட்டார்கள். பங்கில் அநீதி இல்லை, சமம்தான். ஆனால் தங்கள் அரசர்களோடு சேர்த்துத் தங்களையும் வீட்டு அடிமைகளைப் போலப் பிரிக்கிறார்கள் என்று அப்படி அடங்கியிருந்த ஜெர்மானிய இனங்களில் ஒன்றான கெப்பிடுகளின் அரசன் அர்டாரிக் கொதித்தெழுந்தான். அட்டிலாவின் மிக நம்பகமான ஆலோசகர்களில் அவன் ஒருவன் என்பதைக் கவனியுங்கள். சுமார் 454-இல், மத்திய ஐரோப்பாவின் பன்னோனியாவில் நெடாவோ என்ற ஆற்றங்கரையில் நடந்த போரில் ஹூணப் பேரரசு உடைந்தது. எல்லாக் அங்கே போரிட்டு மடிந்தான். எஞ்சிய மகன்களில் தெங்கிசிக் ரோமானியர்மீது படையெடுக்க வேண்டும் என்றான். குறிக்கு உரிய எர்னாக், தன் நாட்டுச் சண்டைகளே தனக்குப் போதும் என்று மறுத்துவிட்டான். 469-இல் தெங்கிசிக் கொல்லப்பட்டு அவன் தலை கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டுபோகப்பட்டது. எர்னாக் இன்றைய ருமேனியக் கடற்கரையை ஒட்டிய தொப்ருஜாப் பகுதியில், ரோமானிய எல்லைக்குள், தன் ஆட்களோடு குடியேறி வாழ்ந்தான். குலத்தை அவன் எழுப்பவில்லை. ஒரு பிள்ளையைக் கண்டு மனம் குளிர்ந்திருந்த தகப்பன், எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசியதாக எங்கும் செய்தி இல்லை. குறி கையில் இருக்கும்போது ஏற்பாடு எதற்கு என்று தோன்றிவிடும். உங்கள் உயிலிலும் நான் அதைத்தான் பார்க்கிறேன்.

பிள்ளைகள் மக்களைச் சீட்டுப் போட்டுப் பிரிக்க எங்கே கற்றார்கள் என்றால், அந்த வீட்டில்தான். மேற்கு ரோமானியப் பேரரசர் மூன்றாம் வாலென்டினியனின் தமக்கை ஹொனோரியாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் விரும்பிய யூஜீனியஸைக் கொன்றுவிட்டு, ஹெர்குலானஸ் என்ற செல்வந்தருக்கு அவளை நிச்சயம் செய்தார்கள். அதிலிருந்து தப்பிக்க அவள் 450 வாக்கில் ஹயசிந்தஸ் என்ற பணியாளிடம் மோதிரத்தைக் கொடுத்தனுப்பி அட்டிலாவிடம் உதவி கேட்டாள். துன்பத்தில் இருந்த ஒரு பெண்ணின் மோதிரத்தை அவன் பங்குப் பத்திரமாகப் படித்தான். அவள் என் மனைவி, பேரரசில் பாதி என் உரிமை என்று ஆள் அனுப்பினான். ரோமானியரும் சளைத்தவர்கள் அல்லர். அவளை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று, ஆட்சியுரிமை ஆண்களுக்குத்தான் என்று பதில் அனுப்பினார்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று இரு பக்கத்திலும் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே, அந்த வீட்டில் சத்தமே எழவில்லை என்று நீங்கள் வியப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ரோமானியத் தூதர்கள் அங்கே தங்கியது கொஞ்ச காலம். அவர்கள் கண்டது விருந்தினருக்குத் திறந்த பக்கம். கிரேகா மென்மையான படுக்கையில் சாய்ந்திருந்தாள், தரையெல்லாம் கம்பளம், எதிரே பணிப்பெண்கள் துணியில் வண்ணப் பூவேலை செய்துகொண்டிருந்தார்கள், பரிசைக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று பிரிஸ்கஸ் எழுதுவதிலிருந்து அவள் மனம் நமக்குத் தெரிவதில்லை. அதே பயணத்தில்தான் அட்டிலா வழியில் ஒரு கிராமத்துக்குப் போய் எஸ்காம் என்பவரின் மகளை மணந்துகொண்டு வந்தான். அந்த வீட்டின் அமைதிக்குப் பின்னால் வேறு செய்திகளும் உண்டு. பிளேடாவோடு பத்தாண்டுகளுக்கு மேல் சேர்ந்து ஆண்டுவிட்டு, 445 வாக்கில் அட்டிலா அவனைக் கொன்றான் என்றே அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அதற்கும் முன்பு, ரோமானியரிடம் அடைக்கலம் புகுந்த, மாமா, அடாகாம் என்ற பெயர்களைக் கொண்ட அரச குடும்பத்துச் சிறுவர்கள் இருவரும் திருப்பி ஒப்படைக்கப்பட்டபோது, ஓடிப்போன குற்றத்துக்காகச் சிலுவையில் அறையப்பட்டார்கள். நீங்கள் வாசித்த விருந்தில் கூட்டத்தைச் சிரிக்கவைத்த செர்க்கோன், பிளேடா மணம் முடித்துவைத்த தன் மனைவியைத் திரும்பக் கேட்கவே அங்கு வந்திருந்தான். அட்டிலா கொடுக்க மறுத்துவிட்டான். இப்படிப்பட்ட வீட்டில் யார் வாய் திறப்பார்கள்?

இருந்தும் ஒரு விஷயத்தில் அந்த வீட்டிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடியது உண்டு. அதை நீங்கள் கண்டும் வேறு கணக்கில் எழுதிவிட்டீர்கள். கிரேகாவுக்குத் தனி மாளிகை மட்டும் இல்லை, அவள் காரியங்களைக் கவனிக்க ஆடமிஸ் என்ற அதிகாரியும் இருந்தார். தூதர்களை அவள் தன் பெயரிலேயே விருந்துக்கு அழைத்தாள். பிளேடாவின் விதவை, கணவன் போன விதம் எப்படியிருந்தாலும், தன் கிராமத்தைத் தானே ஆண்டாள், வந்தவர்களுக்குத் தானே விருந்தளித்தாள். பிள்ளைகளுக்குச் செய்யாத ஏற்பாட்டை அந்தக் குடும்பம் பெண்களுக்குச் செய்திருந்தது. உங்கள் மனைவியின் பெயரில் என்ன இருக்கிறது? கடிதத்தில் வீடு இருக்கிறது, நிலம் இருக்கிறது, மண்டி இருக்கிறது, மூன்று மகன்களின் பெயர்களும் இருக்கின்றன. உங்கள் மனைவி எங்கும் இல்லை. உங்களைவிட வயதில் மிகவும் குறைந்தவர்கள் என்று எண்ணுகிறேன். உங்களுக்குப் பிறகு நெடுங்காலம் வாழப்போகிறவர்களுக்குச் சொந்தமாக எதுவும் இல்லாதபோது, மகனுக்கு ஒரு வழி செய்யுங்கள் என்றுதான் அவர்களால் கேட்க முடியும். தமக்கென்று கேட்டால் மூத்தாள் பிள்ளைகளின் பங்கைப் பிடுங்க வந்தவள் என்று உங்கள் தமக்கையே சொல்வார். அவர்கள் வாழ்நாளுக்குப் போதுமான ஒன்றை அவர்கள் பெயரிலேயே எழுதிவையுங்கள். உங்களுக்குச் சலிப்பூட்டும் அந்தப் பேச்சு பெருமளவு குறையும்.

இல்டிகோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜோர்டனெஸ் சொல்கிறபடி, திருமண விருந்தில் அளவுக்கு மீறிக் குடித்து மல்லாந்து உறங்கியவனுக்கு மூக்கிலிருந்து இரத்தம் பெருகித் தொண்டையில் இறங்கி மூச்சை அடைத்தது. மறுநாள் வெகுநேரம் கழித்துக் கதவை உடைத்துப் போனபோது உடலில் காயம் இல்லை; அந்தப் பெண் முகத்திரைக்குள் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். ஒரு பெண்ணின் கத்தியால் இறந்தான் என்ற பேச்சை 6-ஆம் நூற்றாண்டு ஆண்டுக்குறிப்பு ஒன்றில் காண்கிறோம். பிற்கால வடநாட்டுக் கதைகளில் அவள் பழிவாங்கும் அரசியாகவே ஆகிவிட்டாள். அந்த அறையில் நடந்ததற்குச் சாட்சி அவள் ஒருத்திதான். அவளை எவரும் கேட்டதாகக் குறிப்பில்லை. உங்கள் தமக்கையின் பேச்சும் அந்த வகையைச் சேர்ந்ததே. மூத்தவன் பேச்சைக் குறைத்தது சித்தி வந்த பிறகா, தாய் இறந்த பிறகா என்று நாள் வரிசையை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். பதில் உங்களிடமே இருக்கிறது. அடுத்த முறை அவர் அப்படிச் சொன்னால், அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். மனைவி காதில் விழும்படி மறுப்பது இன்னும் நல்லது.

இனி செய்ய வேண்டியவை. முதலில் மூத்தவனோடு தனியாகப் பேச வேண்டும். கடையிலோ, பேரேட்டை நடுவில் வைத்துக்கொண்டோ அல்ல. அவன் தாயைப் பற்றி நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். படிப்பை நிறுத்தியபோது அவனுக்கு வேறு விருப்பம் இருந்ததா என்று கேளுங்கள். அவன் முதல் நாளில் எதுவும் சொல்லாமல் இருக்கலாம், கோபமாகவும் பேசலாம். இரண்டுக்கும் பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள், மறுபடி ஒரு நாள் உட்காருங்கள். ஜாதகத்தைப் பற்றியும் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. அதன்படி சொத்தைப் பிரிக்கப்போவதில்லை என்று அதே மூச்சில் சொல்ல வேண்டும். அதன் பிறகு மனைவியையும் இரண்டாமவனையும் சேர்த்து உட்காரவைத்து, யாருக்கு எது வேண்டும் என்று கேட்ட பின்னரே பங்கைப் பற்றிப் பேசுங்கள். இத்தனை ஆண்டுகள் மண்டியை நடத்தியவனுக்கு அதில் உரிமை என்ன, வளர்ந்த பின் சின்னவன் சேர விரும்பினால் எப்படி, விரும்பாவிட்டால் அவனுக்கு ஈடு என்ன என்பதையெல்லாம் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழக வேண்டும். இதுவரை எல்லோரும் உங்களோடு மட்டுமே பேசிவந்திருக்கிறார்கள்.

வழக்கறிஞரிடம் கொடுத்த குறிப்பை வைத்து உயிலை எழுதிவிட வேண்டாம், இரண்டு மாதம் பொறுக்கட்டும் என்று இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். முதல் பேச்சு முடிந்த பிறகு, மூத்தவன் சம்மதித்தால், அவனையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை நேரில் வாருங்கள்.